அரிசி ஏறாத கூடை

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது.

புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் கும்பாபிஷேகம். கோபுரக் கலசத்தில் நீர் ஊற்றுகிறவர்களைக் கிரேனில் தூக்க ஓர் இரும்புக் கூடை. அதை நான்கு கம்பிக் கயிறுகளில் மாட்டி, கயிறுகளுக்கு மஞ்சள் பட்டு சுற்றி, விடிந்ததும் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டார்கள். கூடை தரையை விட்டு எழும்புவதற்குள் நாற்பத்தாறு பேர் 'அருமை' போட்டுவிட்டார்கள். பட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கதை எழுதத் தெரியாது. ஆனால் படிக்கிறவர்களைத் தெரியும். நீங்களும் 'அருமை' போடுகிற ஆள்தான்.

2.

முதல் தொடக்கம்: 'கீழ்வானம் வெளுக்க, மங்கள வாத்தியம் முழங்க, பக்த கோடிகள் திரண்ட அந்த'

வேண்டாம். அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: 'ரூத் ஒரு புரட்சிப் பெண். சமூகம் போட்ட தளைகளை'

இதுவும் வேண்டாம். ரூத் எந்தப் புரட்சியும் செய்ததில்லை. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பதினொரு வருடம் மின்கம்பிகளுக்கு உலோக முனை பொருத்தி நசுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்குறைப்பில் வேலை போனதும் பீடோங்கில் ஒரு கயிற்றுப் பட்டறையில் சேர்ந்தாள். மெல்லிய கம்பியில் செய்ததை இப்போது தடித்த கம்பிக் கயிற்றில் செய்கிறாள். அவ்வளவுதான்.

[அரைகுறைத் தொடக்கங்களை ஏன் வெட்டவில்லை என்பீர்கள். கண்ணில் படட்டும்.]

3.

வேலை இதுதான். கயிற்றின் நுனியை வளைத்துக் காது மாதிரி வளையம் விடவேண்டும். நுனியையும் கயிற்றையும் சேர்த்து ஓர் அலுமினியக் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுக்கவேண்டும். குழாய் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். நசுக்கிய பிறகு நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நுனி தெரிந்தால்தான் குழாயின் முழு நீளத்துக்கும் உள்ளே கயிறு இருக்கிறது என்று அர்த்தம். உள்ளுக்குள் வழுக்கிப் பாதியில் நின்றிருந்தால் வெளியிலிருந்து எவனுக்கும் தெரியாது.

நான்கு கயிறு, எட்டுக் காது. வேலை நடக்கும்போதே கோயில் தலைவர் வந்து நின்றார். அவருக்கு விக்னேஸ்வரன் என்று பெயர் வைக்கிறேன்.

"என்னாம்மா இது, எலி வாலு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு? சுல்தான்கிட்ட பட்டம் வாங்குன டத்தோ பட்டு வேட்டியோட ஏறுறாரு. மாட்டிக் கிழிஞ்சா மானம் போயிரும். வெட்டிரு."

"வெட்டக்கூடாது அங்கிள். நுனி தெரியணும்."

"யாருக்குத் தெரியணும்?"

"எனக்கு."

"நீயா ஏறப்போற? வெட்டித் தேச்சிரு, தங்கக் கலர் பெயிண்ட் அடி. ஒன் தவுக்கே சரின்னுட்டாரு. அழகா இருக்கணும்லா."

பட்டறை முதலாளி சரி என்றுதான் சொல்லியிருந்தார். எடை ஏற்றித் தூக்கிச் சோதித்ததாக ஒரு சான்றிதழையும் கலரில் அச்சடித்து, லேமினேட் செய்து கொடுத்தார். சோதனை மட்டும்தான் நடக்கவில்லை.

ரூத் வெட்டினாள், தேய்த்தாள், பெயிண்ட் அடித்தாள். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு காதில் நுனி வெட்டியது நினைவிருந்தது. எட்டாவதில் வெட்டியதாக நினைவில்லை. வெட்ட நுனியே இல்லாமல் இருந்திருந்தால்?

[கைபழகிய வேலைக்காரிக்கு இப்படித் தவறுமா என்று எனக்கே சந்தேகம். தலைவர் பக்கத்தில் நின்று, "முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா" என்று நச்சரித்தால் யாருக்கும் தவறும். அதையும் எழுதவேண்டும். எழுதிவிட்டேன்.]

4.

கும்பாபிஷேகத்தன்று காலை ரூத் மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு வந்தாள்.

"அங்கிள், கயித்துல சுத்துன துணிய அவுக்கணும். ஒரு காதுல நுனி உள்ள இருக்கான்னு பெயிண்ட சுரண்டிப் பாக்கணும்."

"பூச பண்ணிச் சுத்துன துணி. இனிமே குருக்களே தொடமாட்டாரு."

"அப்ப ஒண்ணு செய்ங்க. அன்னதான அரிசி இருக்குல்ல? பத்து கிலோ மூட்ட நாப்பது ஏத்தி, ஒரு தடவ தூக்கி எறக்குங்க. தாங்குச்சுன்னா நான் பேசாம போயிர்றேன்."

கிரேன் ஓட்ட வந்த புவனேசன் தலையை நீட்டினார். "அதான் முறை தலைவரே. நானும் சொல்லணும்னு..."

"நீ சும்மா இருப்பா." தலைவர் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். "கயிறு அறுந்து மூட்ட விழுந்து வெடிச்சா? வந்திருக்கிறது ஆயிரம் பேரு. சோத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப ஆளு ஏறலாமா?"

"ஆளுக்கு சாமி தொணை."

"அரிசிக்கு இல்லையா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டத்தோ கிட்டே வந்து, "என்னவாம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல டத்தோ. கிறிஸ்தவப் பொண்ணு. நம்ம வழக்கம் தெரியாம பேசுது."

கோயிலைப் பற்றி ரூத் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றைப் பற்றித்தான் சொன்னாள்.

5.

முடிவு ஒன்று: எட்டாவது காது உருவிக்கொள்கிறது. கூடை ஒரு பக்கம் சாய, அலறல்

அடித்து நீக்கிவிட்டேன். உங்களுக்கு ரத்தம் வேண்டும், தெரியும். வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு இரண்டு: ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்து எல்லோரும் ரூத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இது அதைவிட மோசம். அடுத்த வருடம் ஏழு கோயிலில் நுனி வெட்டிய கயிறு கேட்பார்கள்.

முடிவு மூன்று: விக்னேஸ்வரன் மனம் திருந்தி, கண் கலங்கி

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆள் திருந்துகிற ஆளில்லை. எனக்குத் தெரியும்.

6.

தெரியும் என்றால், தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிற முகம். விக்னேஸ்வரன் என்று ஒருவரும் இல்லை. கோயில் தலைவர் நான். நுனியை வெட்டச் சொன்னது நான். அரிசி தரமாட்டேன் என்றது நான். நாற்பத்தாறு 'அருமை'யில் முதலாவது என்னுடையது.

கூடையில் நான்கு பேருக்கு இடம். டத்தோ ஏறினார், அவர் மனைவி ஏறினார், குடத்தோடு குருக்கள் ஏறினார். நான்காவது இடம் தலைவருக்கு.

"வாங்க தலைவரே," என்றார் டத்தோ.

"முழங்கால் வலி டத்தோ. நீங்க போய்ட்டு வாங்க," என்றேன்.

என் முழங்காலில் ஒரு வலியும் இல்லை.

ரூத் என்னைப் பார்த்தாள். [அவள் மனசுக்குள் புகுந்து இவ்வளவு எழுதியவனுக்கு அந்தப் பார்வையை எழுத வரவில்லை.] பிறகு ஓடிப்போய்க் கூடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டத்தோ! தலைவரு ஏன் ஏறலன்னு கேட்டுட்டுப் போங்க!"

நான் நாதஸ்வரக்காரர் பக்கம் கையைக் காட்டினேன். தவில் இடித்தது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கம்பியை அவள் விடவில்லை. நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. புவனேசன் விசையில் கையை வைத்து, என் தலையசைப்புக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன், என்னை நம்பாதீர்கள். தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். நாற்பது மூட்டை அரிசி உங்கள் இடது கைப்பக்கம் இருக்கிறது. டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

புவனேசன் உங்களைத்தான் பார்க்கிறார்.