ஒதுக்கி வைத்த ஒலிப்பதிவு

தான் ஆய்ந்த மொழியில் சொல்லின் முதல் உயிரொலியே பின்னுள்ள உயிரொலிகளைத் தன் சாயலுக்கு இழுக்கும் என்று நிறுவ, அந்த மூத்த ஆய்வு மாணவி ஆறாண்டு உழைத்திருந்தாள். போன ஆண்டுதான் சேர்ந்த இளையவள், கடைசி உயிரொலியும் முதலொலியை மாற்றுகிறது என்று கட்டுரையை நீட்டியதும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

“இதுக்கான ஒலிப்பதிவு எங்க கிடைச்சுது?” என்று கேட்டாள்.

“உங்க பெட்டியிலதான்க்கா. பேச்சுப் பிழைன்னு ஒதுக்கி வச்சிருந்தீங்களே. அதுல பேசுன ஒன்பது பேரும் ஒரே மாதிரியா தப்பாப் பேசுவாங்க? உங்க பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்.”

அந்தப் பெருந்தன்மை இன்னும் சுட்டது. அவை பிழையல்ல என்று பதிவு செய்த அன்றே மூத்தவளின் காதுக்குத் தெரியும். ஆய்வேடு ஆட்டம் கண்டுவிடுமே என்றுதான் ஒதுக்கினாள்.

“என் பேரை அடிச்சிரு. நான் காதால கேட்டதோட சரி, நீதான் அதை நம்புன,” என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, கட்டுரையைத் திருப்பித் தர அவளுக்குக் கை வரவில்லை.