எட்டு நிமிடம் முன்னால்

ஹேமாவதிக்கு ஐ.சி.யூ. என்றால் பயம். அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாதுதான். அதனால்தான் மூன்று வருடமாக ஒருத்தியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவள். டாக்டர், நர்ஸ், இன்ஜினியர் மூவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கும் படிப்பு ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, பொத்தேரியில் இரண்டு பெண்களோடு அறை எடுத்துத் தங்கிப் படிக்க வந்தாள். அந்தப் படிப்பில் ஒரு விதி உண்டு. இன்ஜினியரும் மாதம் இரண்டு நாள் வார்டில் நின்று பார்க்க வேண்டும். முதல் நாளே ஒருவர் தொண்டையில் குழாய் இறக்குவதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அதோடு சரி. வகுப்புத் தோழி ஈவ்லின், நர்ஸாக இருந்து படிக்க வந்தவள், வருகைப் பதிவேட்டில் இவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இவள் அடுத்த கட்டடத்தில், ஏசி அறையில், வார்டிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பும் சார்ட்டுகளோடு உட்கார்ந்திருப்பாள். மனிதர்கள் எண்களாக வந்தால் அவளுக்குப் பயமில்லை.

அப்படி உட்கார்ந்து செய்ததுதான் அந்த மணி. நோயாளியின் ரத்த அழுத்தம் சரியப் போவதை முன்கூட்டியே கண்டுபிடித்து அடிக்கும் புரோகிராம். அந்த வார்டில் இருந்த நாலாயிரம் பேரின் பழைய மானிட்டர் பதிவுகளில் ஓட்டி, நர்ஸ்கள் சார்ட்டில் எழுதிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எட்டு நிமிடம் முன்னால் அடித்தது. கைடு டாக்டர் ஏகநாதன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா வருதேம்மா" என்றார். அவ்வளவு சுத்தமாக வந்ததற்குச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

இன்று புதன்கிழமை, மணியின் முதல் நாள். வேளச்சேரி தாம்பரம் சாலையில், அவர்கள் வார்டில் நின்று பார்க்க வேண்டிய அந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி ஐ.சி.யூ.வில் எட்டுக் கட்டில்கள். பழைய மானிட்டர்கள் தொட்டதற்கெல்லாம் கத்துகின்றன என்று அவற்றின் சத்தத்தைக் குறைத்தாகிவிட்டது. நர்ஸ்கள் உட்காரும் மேஜைக்கு மேலே, ஹேமாவதி தன் கையாலேயே வடிவமைத்த போஸ்டர் ஒட்டியிருந்தது: "மணி அடித்தால் பதற வேண்டாம். எட்டு நிமிடம் இருக்கிறது." இரண்டு மணிக்குக் கீழே செமினார் ஹாலில் வெளியூர்ப் பேராசிரியர்களுக்கு ஏகநாதன் இதையெல்லாம் விளக்கப்போகிறார். கூடமாட உதவ ஈவ்லின் போய்விட்டாள். அதனால் வார்டில் நிற்பது ஹேமாவதி தலையில் விழுந்தது.

காலையில் ஒப்புதல் வாங்கியதும் அவள்தான். நாலாம் கட்டில் ஜெயவேலு, ஐம்பத்திரண்டு வயது, தண்ணி லாரி ஓட்டுகிறவர். சர்க்கரை நோயில் கால் புண் முற்றி, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மனைவி சாமுண்டீஸ்வரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாமா இது, மிஷினா பாத்துக்கப் போவுது? எனக்கு பயமா கீது."

"பயப்படாதீங்கக்கா. சிஸ்டருங்களும் இருப்பாங்க. ஏதாவது ஆகறதுக்கு எட்டு நிமிஷம் முன்னாடியே மணி அடிச்சிடும்."

"எட்டு நிமிசமா?" என்று கேட்டு, அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

மதியம் ஒன்றரை. ஹேமாவதி யாரையும் நேராகப் பார்க்காமல் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். வெளியே சதுப்பு நிலத்தில் பறவைகள் நின்றன. அவற்றைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஏகநாதன் கிளம்பியிருப்பாரா என்று போனில் நேரம் பார்த்தாள். 1:30. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 1:38.

"சிஸ்டர், உங்க கடிகாரம் தப்பா ஓடுது போல."

பொறுப்பு சிஸ்டர் அபிதகுஜாம்பாள் சார்ட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "தப்பா ஓடலம்மா. நான்தான் எட்டு நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கேன். ரெண்டு மணி ஸ்டாஃப் வேனை விட்டா தாம்பரம் வரைக்கும் ஷேர் ஆட்டோல தொங்கணும். இந்தப் பொண்ணுங்க அசைஞ்சு அசைஞ்சு கிளம்பறதுக்குள்ள வேன் போயிடும்."

"எப்பலேந்து சிஸ்டர்?"

"அது ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

ஹேமாவதி போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார்ட்ல எந்த டைம் எழுதுவீங்க?"

"கண்ணெதிர்ல எது இருக்கோ அதான். பேஷன்ட் விழறப்ப போனை எடுத்தா டைம் பாப்பாங்க?"

சிஸ்டர் மறுபடி எழுத ஆரம்பித்தார். கணக்கு போட ஹேமாவதிக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஒருவருக்குச் சரியாக ஒரு மணிக்கு அழுத்தம் விழுகிறது. மானிட்டர் அதை ஒரு மணி என்று பதிகிறது. நர்ஸ் சுவரைப் பார்த்து ஒன்று எட்டு என்று எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த இவள், மானிட்டர் எட்டு நிமிடம் முன்பே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். நாலாயிரம் பேருக்கும் இதே கதை. மணி எதையும் முன்னால் சொல்லவில்லை. ஆள் விழும்போது அடித்தது, அவ்வளவுதான்.

மாதம் இரண்டு நாள் இங்கே நின்றிருந்தால் முதல் வாரத்திலேயே இந்தக் கடிகாரத்தைப் பார்த்திருப்பாள். இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் மறைக்கவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.

ஏகநாதனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறை எடுத்தார்.

"சார், அந்த எட்டு நிமிஷம்..."

"ஹேமா, கெஸ்ட் எல்லாம் வந்தாச்சு. இப்ப ஆரம்பிச்சிடுவோம். எதுவா இருந்தாலும் சாயந்திரம் பேசலாம்." வைத்துவிட்டார்.

சாயந்திரம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். சாயந்திரம் வரை யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஒருவேளை தன் கணக்கே தவறாக இருக்கலாம். மூன்று வருடம், விட்ட வேலை, வீட்டில் அடிக்கொருதரம் கேட்ட 'எப்பதான் முடிப்பே', எல்லாம் ஒரு சுவர்க் கடிகாரத்தில் போய்விடுமா என்ன?

அப்போது மணி அடித்தது. அவளே பத்து ஒலிகளில் தேடி எடுத்த மென்மையான ஒலி. திரையில் நாலாம் கட்டில் மஞ்சளாக மின்னியது. நேரம் 1:44.

ஏழாம் கட்டிலில் ஒரு மூதாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். போஸ்டரையும் பார்த்தார். "எட்டு நிமிஷம் இருக்குல்ல. இவங்களை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. போன வாரம் கீழே செமினார் ஹாலில் அவரை உட்கார வைத்து, பதறாதீங்க சிஸ்டர், பதறாதீங்க சிஸ்டர் என்று பாடம் எடுத்ததே ஹேமாவதிதான்.

சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. சொல்லாவிட்டால், கணக்கு தவறாக இருந்தால், எட்டு நிமிடம் நிஜமாகவே இருந்தால்? ஜெயவேலுவின் மார்பைப் பார்த்தாள். ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. உதடு மட்டும் சாம்பல் பூத்திருந்தது. அது முன்பும் அப்படித்தான் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. திரையில் ரத்த அழுத்தம் எழுபது என்றிருந்தது அறுபதானது. 1:45. ஐம்பத்தி நாலு. நின்றுகொண்டே இருந்தாள். ஜெயவேலுவின் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. 1:46.

"எட்டு நிமிஷம் இல்ல சிஸ்டர்." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "மணி பொய். இப்பவே வாங்க, இப்பவே."

அபிதகுஜாம்பாள் ஏன் என்று கேட்கவில்லை. ஓடி வந்து கழுத்தில் விரலை வைத்தார். அடுத்த நொடி கட்டிலைத் தட்டையாக்கி, நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். எங்கிருந்தோ இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். ஊசி, குழாய், எண்ணும் குரல்கள். ஹேமாவதி இம்முறை மயங்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. மயங்கிவிட மாட்டோமா என்றுதான் இருந்தது. ஆறு நிமிடம் கழித்து நாடி திரும்பியது. மூளைக்கு எவ்வளவு சேதம் என்பது நாளைக்கு அவர் கண் விழித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

சிஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சார்ட்டை எடுத்தார். சுவரைப் பார்த்துவிட்டுத் தயங்கி, "நீயே சொல்லும்மா. என்ன டைம் போடட்டும்?" என்று கேட்டார். அதற்குள் இரண்டு மணி வேன் போயிருந்தது.

ஹேமாவதிக்கு அந்தக் கேள்வியின் ஆழம் தெரிந்தது. தான் நின்ற இரண்டு நிமிடம் யாருக்கும் தெரியாது. இந்தச் சுவரும் அந்தத் திரையும் எந்த நாளும் ஒத்துப்போனதில்லை; எங்கே வேண்டுமானாலும் அதை ஒளித்து வைக்கலாம்.

"மணி அடிச்சது ஒண்ணு நாப்பத்தி நாலு. நான் உங்களைக் கூப்பிட்டது ஒண்ணு நாப்பத்தி ஆறு. அப்படியே எழுதுங்க சிஸ்டர்" என்றாள். மேஜைக்கு மேலிருந்த போஸ்டரைக் கிழித்தாள். மணியையும் நிறுத்தி, எல்லா மானிட்டர்களின் சத்தத்தையும் பழையபடி ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாமுண்டீஸ்வரி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள்.

"இன்னாமா, எல்லாம் உள்ள ஓடினாங்க?"

"நெஞ்சுத் துடிப்பு நின்னுடுச்சுக்கா. திரும்ப வந்துடுச்சு. நாளைக்குதான் எதுவும் சொல்ல முடியுமாம்."

அவள் ஹேமாவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. "உன் மணி முன்னாடியே சொல்லிச்சா?"

"இல்லக்கா. அது முன்னாடி சொல்லாது. எனக்கு இன்னிக்குதான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் ரெண்டு நிமிஷம் சும்மா நின்னேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

சாமுண்டீஸ்வரி பிடியை விட்டாள். "எனக்குந்தான் காலைல பயமா இருந்துச்சு" என்றாள். "நீதான பயப்படாதன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கினே."