தாழாத சுரம்

இல்யாஸின் நாற்பதாம் நாள் வழிபாடு லெபனானின் ஸஹ்லே ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறன்று நடக்கவிருந்தது. இறைவனைப் போற்றி அவன் கடைசியாக அமைத்த மெட்டு, கைப்பேசியில் ஒரு முனகலாக மட்டுமே எஞ்சியிருந்தது. பாடகர் குழுவோ தாள் பார்த்தே பாடிப் பழகியது. எழுதித் தராவிட்டால் அம்மெட்டும் அவனோடு மண்ணுக்குள் போயிற்று என்றே பொருள். அவன் மனைவி ஹன்னே அப்பணியை ஏற்றாள். அடக்கத்தன்றும் அழாதவள் அவள்.

சுரங்களை வெறும் எழுத்துகளாகத் தட்டினால் கோடும் புள்ளியுமாக வரைந்து தரும் மென்பொருள் ஒன்று உண்டு. தொடங்குவோர்க்கான பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முனகலைக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் தாள் பிறக்க மறுத்தது. மெட்டின் பண் ராஸ்த் என்னும் அரபுப் பண் என்று தலைப்பில் குறித்தாள். அப்பண்ணின் மூன்றாம் சுரமான ‘மி’ முழுதாய் நிற்பதுமில்லை, அரையளவு தாழ்வதுமில்லை. இரண்டுக்கும் நடுவே குழையும். பண்ணின் பெயரைச் சொன்னபின் கணினியே அதைத் தாழ்த்திக்கொள்ளும் என நம்பினாள்.

ஒத்திகையில் பாடினார்கள். அவளுக்குள் எதுவும் அசையவில்லை. நெஞ்சு மரத்துப்போனதன் குறை என்றே எண்ணினாள்.

குழுவை நடத்தும் தன்னூஸ், இல்யாஸின் தம்பி, கையை உதறினான். “என்ன கூத்து அண்ணி இது? சோப்பு விளம்பரம் மாதிரி பளபளன்னு இருக்கு!”

“எங்க மேல பாயாதீங்க மாஸ்டர்,” என்றாள் முன்வரிசை விதாத். “பேப்பர்ல இருக்குறததான் பாடினோம்.”

“மேல ராஸ்த்னு போட்டிருக்கேனே,” என்றாள் ஹன்னே.

“போட்டு என்ன? ஒவ்வொரு மி முன்னாடியும் ‘தாழ்த்தாதே’ன்னு குறி வெச்சிருக்கு உங்க கணினி.”

அங்கேயே அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பாடத்தில் தெளிவாகவே இருந்தது: தலைப்பில் தரும் பண்ணின் பெயர் தாளில் குறி வரைவதற்கு மட்டும், தாழ்வைச் சுரந்தோறும் தனியே எழுத வேண்டும். ஒவ்வொரு மியின் பக்கத்திலும் உரிய எழுத்துகளைச் சேர்த்தாள். குறிகள் மறைந்தன.

திரையைச் சுற்றி நின்று மறுபடி பாடினார்கள். விதாதின் குரல் பாதியில் உடைந்தது. தன்னூஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு சுரமும் பிசகவில்லை என்பதை ஹன்னே உலர்ந்த கண்ணோடு கேட்டறிந்தாள்.

“சரியா அண்ணி?”

“சரி. அவரேதான்.”

“நீங்க…”

“எனக்கு இன்னும் ஒண்ணும் வரல தன்னூஸ். நீங்க பாடுங்க.”

எல்லோருக்கும் படி எடுக்க, அச்சுப்பொறியில் தாளை அடுக்கினாள்.