போட்டாச்சு

…சுற்றக் கூடாது, இது சுற்றவே கூடாது என்று மனம் அடித்துச் சொன்னாலும் வண்டியின் பின்சக்கரம் யார் பேச்சையும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, தார்ப்பாயை உருவும்போது அவனுடைய முழங்கை லேசாக இடித்ததற்கே முழுதாக ஒரு சுற்று வந்து, கம்பிகளில் படிந்திருந்த தூசியை உதறிவிட்டு, அவசரமே இல்லாமல் நின்றது. எட்டு மாதத்துக்கு முன்னால், விசாரணையெல்லாம் முடிந்து இந்த மோட்டார் சைக்கிளைக் காவல் நிலையத்திலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது பின்சக்கரம் இம்மியும் அசையவில்லை, நான்கு பேர் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மூச்சு வாங்க, வாசலிலிருந்து இந்தப் பின்னறை வரை சுமந்து வந்தார்கள், அந்த நான்கு பேரில் அவனும் ஒருவன், மூன்று நாள் தோள்பட்டை வலித்ததே, அந்த வலி பொய்யா? "துரு பிடிச்சிருந்திருக்கும்டா, தானா விட்டிருக்கும்," என்றான் லேத்துக்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கிற நண்பன், இருபது வருடமாக லேத் பட்டறையில் இரும்பைக் கடைகிறவன், இரும்பின் குணம் தெரிந்தவன், அவனா இப்படிச் சொல்வது? துரு நாளாக ஆக இறுகுமே தவிர விடுமா? சொல்லிவிட்டு இவன் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனர்களை எடுத்து அடுக்குகிறான், ஏற்கெனவே அடுக்கியவற்றைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறான்… சுவருக்கு அந்தப்பக்கம் மனைவியின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, சக்கரம் நின்றதும் அதுவும் நின்றது. நூல் அறுந்திருக்கும், வேறென்ன.

அவளேதான் சொன்னாள், அதுதான் விசித்திரம், எட்டு மாதமாக இந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் போன வாரம் சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "எத்தனை நாளைக்கு அதை இப்படியே மூடி வைக்கிறது, லேத்து அண்ணனைக் கூப்பிட்டு கியர் பெட்டியைப் பிரிச்சு சரி பண்ணுங்க," என்றாள், இஸ்திரிப் பெட்டியின் ஒயரை மாற்றச் சொல்கிற அதே குரலில். அவளுடைய தம்பி ஓட்டிக்கொண்டு போய் உயிரை விட்ட வண்டி. மேம்பாலச் சரிவில் மணல், அதிக வேகம், இளம் வயது என்று நாலு வரியில் எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள், ஆனால் அங்கே சாலையில் முப்பது அடி நீளத்துக்கு ஒரு கரிக்கோடு கிடந்தது, பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டு இழுபட்ட கோடு, அதை அவன் பார்த்தான், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இரண்டு பல்சக்கரங்கள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால்தான் சக்கரம் அப்படிப் பூட்டும், மூன்றாவது கியரின் பல்சக்கரம் தன் இடத்தைவிட்டு நகர்ந்தால்தான் அப்படி மாட்டும், அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு எஃகு வளையம், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் வாய் திறந்தது, மெக்கானிக்குகள் லாக் என்பார்கள். விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால், மூன்றாவது கியர் நழுவுகிறது என்று மைத்துனன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பட்டறைக்கெல்லாம் எதற்கு, நானே பார்க்கிறேன் என்று சொல்லி, இதே அறையில் இதே பெட்டியைப் பிரித்துக் கோத்தவன் அவன். அந்த லாக்கைப் போட்டேனா இல்லையா? எட்டு மாதமாக இந்த ஒரு கேள்விதான் அவனைத் தின்றுகொண்டிருக்கிறது, இன்றைக்குப் பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

கண்ணாடிக்கடையில் பதினான்கு வருடமாக லென்ஸ் பொருத்துகிற கை, கடுகளவு திருகாணியைக்கூடத் தவறவிடாத கை, அந்தக் கையா மறந்திருக்கும்? தவறே வரக் கூடாது என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தவனும் அவன்தானே, அதில் அவனுக்கு ஏகப் பெருமை வேறு. வண்டியோடு வந்த பழுதுபார்ப்புப் புத்தகத்தைப் பார்த்து மனைவி ஒவ்வொரு பாகமாக வாசிப்பாள், லேத்துக்காரன் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பியதிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பான், அவன் பொருத்திவிட்டுப் 'போட்டாச்சு' என்பான், அவள் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததை வாசிப்பாள்… புஷ், போட்டாச்சு, வாஷர், போட்டாச்சு, இரண்டாவது சக்கரம், போட்டாச்சு, அப்புறம் அது தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது, கை வேலை செய்வதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிடும் போலிருந்தது. அப்போது பார்த்து மைத்துனன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "மாமா, நான் கிழவனாகிறதுக்குள்ள முடிச்சுடுவீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவள்தான் கண்ணில் நீர் வர அதிகமாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் 'லாக்' என்று வாசித்தாள், அவனும் சிரித்துக்கொண்டே 'போட்டாச்சு' என்றான். போட்டாச்சு என்று சொன்னது நினைவிருக்கிறது, எந்தக் குரலில் சொன்னான் என்பதுகூட நினைவிருக்கிறது. போட்டது? ஒரு நாள் விரல்நுனி அந்த எஃகின் குளிர்ச்சியைச் சத்தியம் செய்து சொல்கிறது, மறுநாள் அப்படி ஒன்று விரலில் பட்டதே இல்லை என்கிறது. மிச்சம் மீதி ஏதாவது கிடந்தால் பார்த்திருக்கலாம், ஆனால் மைத்துனன் உதவி செய்கிற ஆர்வத்தில் எண்ணெய்த் துணியோடு செய்தித்தாளையும் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான்.

பெட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்து அடித்திருகைத் திறந்தபோது எண்ணெய் வழிந்தது, லேத்துக்காரன் பிடித்திருந்த தட்டில் அது தேன்நிறமாகத் தேங்கியது. அரைபட்ட பெட்டியின் எண்ணெய் கறுத்துப்போய், இரும்புத்தூள் மினுங்கி, கருகல் வாடை அடிக்கவேண்டாமா? இது கடையிலிருந்து வாங்கி ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. மூடியைச் சுற்றியிருந்த பத்துத் திருகுகளும் முரண்டு பிடிக்காமல் கழன்றன, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் தாள் கிழியாமல் முழுசாக வந்தது, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அவனும் லேத்துக்காரனும் பேக்கிங் வெட்டினால் தாளைப் பெட்டியின் வாயில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வெட்டுவார்கள், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இதில் பிசிறே இல்லை, ஒரே வீச்சில் கத்தரி போன தடம், எண்ணெய் படாத வெளிவிளிம்பில் துணிக்கு அளவுக்கோடு போடுகிற நீலச் சாக்கட்டியின் தடம்… "நீ பிரிச்சியாடா இதை?" என்று மெதுவாகக் கேட்டான். லேத்துக்காரன் நிமிர்ந்தான். "நானா? டேய், சக்கரம் சுத்தினப்பவே நீதான் பிரிச்சிருக்கேன்னு நெனச்சேன். எதையோ மறைக்கப் பிரிச்சிருக்கே, நாம கேக்கவேண்டாம்னு இருந்தேன்." ஆக, ஸ்பேனரை அடுக்கிக் கலைத்தது அதற்குத்தானா, இத்தனை நாளும் இவன் மனதிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்ததா? "அன்னைக்கு நீ போட்டாச்சுன்னு சொன்னே. நான் அடுத்ததை எடுத்தேன். பாக்கலை. நானும்தான் பாக்கலை," என்றான் லேத்துக்காரன், சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான். மெஷின் ஓடவில்லை. நூல் கோக்க இவ்வளவு நேரமா?

லாக் இருந்தது. தண்டின் பள்ளத்தில், இருக்கவேண்டிய இடத்தில், வாய் சரியான பக்கம் பார்த்தபடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது, போட்டிருக்கிறேன், நான் போட்டிருக்கிறேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது… அடுத்த நொடி அதன் பளபளப்பு கண்ணில் குத்தியது. ஒரு கீறல் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் பல்சக்கரங்கள் பல் உடைந்து, முனை மழுங்கி, நீலம் பாரித்துக் கிடக்க, நடுவில் இது மட்டும் புதுப்பெண் போல உட்கார்ந்திருந்தது. யாரோ திறந்து, சிக்கியிருந்ததை விடுவித்து, கழுவி, புதுசாக ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறார்கள். யாரோவா? நான்கு தையல் மெஷின்களையும் தானே பிரித்துத் தானே மாட்டுகிறவள், எந்த மெக்கானிக்கையும் வீட்டுக்குள் விடாதவள், இந்தப் புத்தகத்தை வரி வரியாக வாசித்தவள் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? என்றைக்குச் செய்தாள், அவன் கடைக்குப் போயிருந்த எந்தப் பகலில், தம்பியைக் கொன்ற பெட்டியை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்து… அன்று மாலையும் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருப்பாள், டீ போட்டுக் கொடுத்திருப்பாள், கடையில் கூட்டமா என்று கேட்டிருப்பாள். திறந்தபோது உள்ளே பழைய லாக் உடைந்து கிடந்ததா, அல்லது ஒன்றுமே இல்லையா? உடைந்திருந்தால் அவன் மேல் பழியில்லை. இல்லையென்றால் அவன்தான். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சு விடாமல் இருக்கிறாள்.

அவள் உள்ளே வந்தபோது லேத்துக்காரன் பேக்கிங் தாளை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போல, வேறு நேரமாக இருந்தால் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அவள் கையில் புத்தகம். "கோக்கற நேரம் ஆயிடுச்சுல்ல அண்ணே? நான் வாசிக்கிறேன்," என்று முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், அதே இடத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி. உடைந்தவற்றை ஒதுக்கிவிட்டு, வாங்கி வைத்திருந்த புதுப் பல்சக்கரங்களைச் செய்தித்தாளில் பரப்பி, அந்தப் பளபளக்கிற லாக்கையும் வரிசையில் வைத்து ஆரம்பித்தார்கள். அவள் வாசித்தாள், அவன் போட்டாச்சு என்றான், அவள் பழைய பென்சில் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டாள், முன்பு போட்ட கோடுகள் எல்லாமே அப்படியே இருந்தன, லாக் என்ற வரிக்குப் பக்கத்தில்கூட ஒன்று இருக்கும். வாஷர். போட்டாச்சு. இரண்டாவது சக்கரம். போட்டாச்சு. மூன்றாவது சக்கரம். போட்டாச்சு… அடுத்து அதுதான், லேத்துக்காரன் லாக்கை எடுத்து நீட்டிவிட்டான், அவன் அதைப் பிளேயரில் விரித்துப் பிடித்துவிட்டான், குரல் நடுங்காமல் சொல்லிவிட முடியுமா?

"லாக்," என்று வாசித்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள், அவனுடைய இழுவையோடு, அன்றைய சிரிப்பின் மிச்சத்தோடு, அச்சு அசலாக அவன் சொல்கிற மாதிரியே, "போட்டாச்சு," என்றாள்.

லேத்துக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. பிளேயரைப் பிடித்திருந்தவனுக்குக் காது அடைத்துக்கொண்டது, அறை ஒரு பக்கமாகச் சாய்வது போலிருந்தது, கை அதுபாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருக்க, இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதுமே கேட்க முடியாது என்று தோன்றியது, கேட்டுவிட்டான். "நீ பிரிச்சப்போ… உள்ள இருந்துச்சா?" அவள் பென்சிலைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். "எட்டு மாசமாச்சு நீங்க கேக்கறதுக்கு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம், அழுதிருந்தால் காலில் விழுந்திருக்கலாம், அவளோ அளவு எடுக்கும்போது சொல்கிற குரலில் சொன்னாள். "சொல்லு. இருந்துச்சா, இல்லையா?" "அடுத்தது புஷ்," என்று வாசித்தாள். லேத்துக்காரன் புஷ்ஷை, அந்தப் பித்தளைக் குழலை, எடுத்துக் கொடுத்தான். போட்டாச்சு என்று யாரோ சொன்னார்கள், அவன்தான் சொல்லியிருக்கவேண்டும்.

பெட்டியை மூடி, எண்ணெய் ஊற்றி, வண்டியில் ஏற்றி, சங்கிலி மாட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது, லேத்துக்காரன் இங்கிருந்து எப்படியாவது தப்பித்தால் போதும் என்கிற வேகத்தில் கீழே கிடந்ததையெல்லாம் செய்தித்தாளோடு வாரிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான், போகும்போது அவன் தோளை ஒருமுறை அழுத்தினான். "ஓட்டிப் பாக்கணும்ல? நானும் பின்னாடி உக்கார்றேன்," என்றாள் மனைவி. வேண்டாம் என்றான். "ஏன்?" என்றாள். அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஏறி உட்கார்ந்தாள், அவன் தோளில் கையை வைத்தாள், எட்டு மாதத்தில் அவளாக அவனைத் தொடுவது இதுதான் முதல் தடவை, அந்தக் கை கனக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. தெருமுனை வரை முதல் கியர், பெரிய சாலை வந்ததும் இரண்டாவது, என்ஜின் முழங்குகிறது, மாற்று மாற்று என்கிறது, பின்னால் வருகிறவன் ஒலிப்பானை அடிக்கிறான், அவன் கால் கியர் நெம்புகோலின் கீழ் நுழைந்து அப்படியே நிற்கிறது… பிளேயரை விரித்துப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அவள் லாக் என்றது, அப்புறம் போட்டாச்சு என்றது, அப்புறம் அவன் கேட்டது, அவள் சொன்னது, நடுவில் அந்த வளையம் பள்ளத்தில் டக்கென்று விழுகிற சத்தம் வருமே, வந்ததா? மூன்று பேரும் அந்த அறையில்தான் இருந்தோம், யாராவது பார்த்தோமா? லேத்துக்காரன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் புத்தகத்தை, அவன்… அவள் குனிந்து அவன் காதருகே வந்தாள், மூச்சு கழுத்தில் பட்டது.

"மூணாவது போடுங்க," என்றாள்.