இரண்டாம் காதுகுத்து

எங்கள் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று கண்டக்டர் மந்திரமூர்த்தி சொன்னபோது நான் தேயிலைக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடையை ரோட்டிலேயே போட்டுவிட்டு, எந்தப் பாவி நிறுத்துகிறான் என்று கேட்டேன். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பஸ் முழுக்க என்றால் பத்துப் பதினைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதுதானே வம்பாகிவிட்டது.

மணிமுத்தாறு அணைக்கு மேலே, மாஞ்சோலைக்குப் போகிற மலைப்பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் எங்கள் சின்ன எஸ்டேட். மேலே பள்ளிக்கூடம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு அரசாங்க பஸ். சாயங்காலம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்து, நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு முன்னால் தங்கும், விடிந்ததும் கீழே இறங்கும். அதில்தான் என் மகள் முத்துராணி இலவச பாஸில் அம்பாசமுத்திரத்துக்குப் பத்தாம் வகுப்பு படிக்கப் போய்வந்தாள். பஸ் நின்றால் அவள் படிப்பும் நின்றது. மறுநாளே என் பக்கத்தில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். தாவணி போடும் முன்பே அந்தக் கூடையை மாட்டியவள் நான். என் மகள் அதை மாட்டக் கூடாது என்பதைத் தவிர எனக்கு எந்தச் சாமியிடமும் வேறு வேண்டுதல் இருந்ததில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷத் தொடக்கம். அரசாங்கத்திடம் காசில்லையாம். டிப்போவில் ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடுவதில்லை, காக்கிச் சட்டைக்குக் கொடுத்துவந்த தையல்கூலியைக்கூட நிறுத்திவிட்டார்கள் என்று மந்திரமூர்த்தி புலம்பினார். இப்போது நஷ்டத்தில் ஓடுகிற பஸ்கள் மேல் கண் விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஓர் அதிகாரி ஏறி வருவார், வெள்ளிக்கிழமை காலை அதே பஸ்ஸில் இறங்குவார். பஸ் காலியாகக் கிடந்தால் அத்தோடு சரி.

"நீங்க கவலப்படாதிய அண்ணாச்சி," என்றேன். "வியாழக்கெழம ஒங்க பஸ்ல நிக்க எடம் இருக்காது."

எனக்கு நாக்கு முன்னால் ஓடும், யோசனை பின்னால்தான் வரும். வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு யார் பஸ்ஸில் ஏறுவார்கள்? கீழே இருக்கிற சொந்தக்காரர்களைச் சும்மா வா என்றால் வருவார்களா? நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டே மண்டையைக் குடைந்ததில் பக்கத்து லைன் இசக்கிதுரை அண்ணன் நினைவுக்கு வந்தார். அவர் மகனுக்குப் போன தை மாதம் கோயிலில் வைத்து அவசரமாகக் காது குத்திவிட்டார்கள். தாய்மாமனுக்கு முறையாகச் சொல்லவில்லை. ஆழ்வார்குறிச்சியில் இருக்கிற மாமன் வீட்டார் அன்றிலிருந்து முறுக்கிக்கொண்டு, பேச்சு வார்த்தை கிடையாது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மாமனுக்கு மரியாதை செய்து, மறுபடி ஒரு காதுகுத்து வைக்கிறோம் என்று ஆள் அனுப்புங்கள் என்றேன். குத்திய காதை எப்படி மறுபடி குத்துவது என்று அவர் திகைத்தார். காதை யார் பார்க்கப் போகிறார்கள், மாமன் வந்தால் அவன் தெருவே வரும், அதுதான் நமக்கு வேண்டியது என்று ஒரே அமுக்காக அமுக்கி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

வந்தார்களே பாருங்கள்! வியாழக்கிழமை அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக நின்றன. பழம், தேங்காய், புதுத்துணி, வாழைத்தார், ஒரு வெள்ளாட்டுக் கிடாய். மேளக்காரர்கள் வேறு. நாங்களும் காலையிலேயே இறங்கியிருந்தோம், எல்லோரும் ஒன்றாக ஏறினோம். நெல்லை டவுனிலிருந்து வந்த அதிகாரி குமரகுருபரன், நெற்றி நிறைய திருநீறோடு, ஜன்னல் ஓரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாரோ வாழைத்தாரை வைத்துவிட்டார்கள். பாவம், அதைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டார்.

அணை தாண்டி முதல் வளைவிலேயே பஸ் திணறியது. ஆம்பிளைகள் குதித்து இறங்கித் தள்ளினார்கள். மேளக்காரர்களும் இறங்கி வாசித்துக்கொண்டே நடந்தார்கள். கல்யாண ஊர்வலம் கெட்டது போங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த பஸ்ஸையா நஷ்டம் என்பாய் என்று அதிகாரியின் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கை ஓய்ந்துபோன மந்திரமூர்த்தி என் பக்கம் நெருங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"கெடுத்திட்டியே பேச்சித்தாயி. சார் பக்கத்துல பட்டுச்சட்ட போட்டு இருக்காரே, அவரு தனியார் பஸ் மொதலாளி. இப்பதான் பேச்சு காதுல விழுந்துது. காலியா ஓடுனா நிறுத்துவாவ. நெறஞ்சு ஓடுனா அவருக்குக் குடுத்திருவாவ."

தனியார் பஸ்ஸில் இலவச பாஸ் செல்லாது. போக வர டிக்கெட் எடுத்தால் என் கூலி அதற்கே சரியாகிவிடும். காலியானாலும் போச்சு, நிறைந்தாலும் போச்சு. அந்த முதலாளி கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையிலேயே ஒரு தேங்காயைப் போடலாமா என்று வந்தது.

அப்போதுதான் முத்துராணியைப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் நெரிசலில் மாட்டி, பழக்கத்தில் பாஸை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தாள். மந்திரமூர்த்தி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். டிக்கெட் கிழிக்கவில்லை. நான் அப்படியே அந்தப் பாஸையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் நிறைய வேண்டும், ஆனால் டிக்கெட் கிழியக் கூடாது. அப்படி ஒரு கூட்டம் எங்களிடம் இருக்கிறதே!

மேலே போய் இறங்கியதும் லைன் லைனாக ஓடினேன். பனி, அட்டைக்கடி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்லி வீட்டில் கிடக்கிற பிள்ளைகள், பாஸ் வாங்கி வைத்துவிட்டுப் போகாத பிள்ளைகள், ஒன்று பாக்கியில்லாமல் காலையில் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்று தாய்மாரிடம் சொன்னேன். பெரியவர்கள் ஒருத்தரும் ஏறக் கூடாது. விருந்தாளிகள் விடியுமுன் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்க வேண்டும். கூப்பிட்டு வைத்து நடக்கச் சொல்கிறாயா என்று மாமன்காரர் மீசையை முறுக்கினார். உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டுவிட்டுச் சம்மதித்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் முழுக்க நீலப் பாவாடையும் காக்கி டவுசரும்தான். மூக்கொழுகுகிற வாண்டுகள் முதல் மீசை அரும்பிய பயல்கள் வரை. வேடிக்கை பார்க்காமல் என்னால் இருக்க முடியுமா? நான் மட்டும் டிக்கெட் எடுத்தேன்.

முதலாளி எழுந்து நின்று முன்னும் பின்னும் பார்த்தார். "என்னவே, ஒரு டிக்கெட்டுதான் கிழிச்சிருக்கீரு?" என்று மந்திரமூர்த்தியைக் கேட்டார். மந்திரமூர்த்தி விசில் ஊதினார். முதலாளி விடவில்லை, பக்கத்தில் நின்ற முத்துராணியிடம் குனிந்தார்.

"ஏ பாப்பா, எங்க பஸ்ல மெத்த சீட்டு, டேப்புல பாட்டு எல்லாம் உண்டு. வருவியா?"

"வாரேன் சார்," என்றாள் என் மகள். "பாஸ் செல்லுமா?"

அவள் கேட்டதுதான் தாமதம், பஸ் முழுக்கப் பாஸ்கள் உயர்ந்தன. அவர் தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். என் மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அடுத்த வளைவில் என் உயிர் போய்விட்டது. குறுக்குப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில், காலிச் சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சியார் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸைக் கண்டதும் புதருக்குள் பாய்ந்தார்கள். தவில்காரர் மட்டும் பாய முடியாமல் தவிலோடு நின்றார். அதிகாரி பார்த்துவிட்டார். நேற்று மடியில் தார் வைத்துப் போனவர்களை அவருக்குத் தெரியாதா? முதலாளி என்ன என்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.

குமரகுருபரன் சார் கையை நீட்டி ஷட்டரை இறக்கினார்.

"சாரல் அடிக்குது," என்றார்.

மற்ற ஜன்னல்களில் எல்லாம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மணிமுத்தாற்றில் முதலாளியின் கார் காத்து நின்றது. இந்த ரூட் நமக்கு ஆகாது என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் கிளம்பியதும் அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலியா ஓடுத பஸ்ஸ நிறுத்தச் சொல்லியிருக்கு. கேக்க ஆள் இருந்தா தனியாருக்குக் குடுக்கச் சொல்லியிருக்கு. இது காலியும் இல்ல, கேக்க ஆளும் இல்ல. அப்போ ஓடிட்டுப் போகட்டும். என்னம்மா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாமன்காரர் நிபந்தனையைச் சொல்லவில்லையே. சீரோடு வந்துவிட்டுக் காது குத்தாமல் இறங்க மாட்டோம் என்பதுதான் அது. ஆசாரியும் கூடவே வந்திருந்தார். அன்று ராத்திரியே பழைய துளைக்கு மேலே புதுத் துளை போட்டார்கள். பயல் அலறிய அலறல் அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்டிருக்கும். அதன்பின் ரொம்ப நாள் என்னைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், பாளையங்கோட்டையில் வாத்தியார் படிப்பில் சேர்ந்திருந்த முத்துராணியைப் பார்க்க அதே பஸ்ஸில் இறங்கினேன். முன் சீட்டில் புதுப் பையோடு அந்தப் பயல். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மந்திரமூர்த்தி பக்கத்தில் வருமுன்பே பாஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு நாலு துளைக் காதோடு என் பக்கம் திரும்பி, கண்டிப்பான குரலில் கேட்டான்.

"அத்த, நீ டிக்கெட் எடுத்தியா?"