கட்டில் மேல் தொப்பி

ஜூன் பிறந்ததும் ஹோட்டல் சாந்தாஃப்ராவுக்குப் பெட்டி பெட்டியாக வைக்கோல் தொப்பிகள் வந்து இறங்கின. அகலமான விளிம்பு, நீல நாடா, நாடாவில் ஹோட்டலின் பெயர். தொப்பியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இத்தாலியின் அமால்ஃபி கடைத்தெருவில் இதே தொப்பிக்கு விலை கேட்டால் முழி பிதுங்கிவிடும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் தலைவலி ஆரம்பித்தது.

"ஒவ்வொரு ரூம்லயும் கட்டிலுக்கு நட்ட நடுவுல வைக்கணும்," என்றாள் புது மேனேஜர் ஃபெம்கே. "நாடா கடலைப் பார்த்து இருக்கட்டும். கெஸ்ட் கதவைத் திறந்ததும் முதல்ல அதுதான் கண்ணுல படணும்."

ஃபெம்கே ஹாலந்துக்காரி. ஹோட்டலை வாங்கிய கம்பெனி இந்த மார்ச்சில்தான் அவளை அனுப்பி வைத்திருந்தது. கெட்டிக்காரி, நல்லவளும்கூட. மதியத்தில் சமையற்கட்டுக்கு வந்து எல்லோரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாஸ்தா சாப்பிடுவாள். இத்தாலி மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மொழி தெரிந்துவிட்டால் ஊர் தெரிந்துவிடுமா என்ன?

அறை சுத்தம் செய்யும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோசெல்லா மட்டும் பேசினாள். அவள் பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"மேடம், நாற்காலில வைக்கிறோம். மேஜைல வைக்கிறோம். வேணும்னா கெஸ்ட் தலைலயே கொண்டுபோய்க் கவுத்துடறோம். கட்டில்ல மட்டும் வேணாம்."

"ஏன்?"

"கட்டில்ல தொப்பி வெச்சா சாவு வரும்."

ஃபெம்கே சிரித்தாள். கூட யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சாகக் கிடக்கிறவங்களுக்கு எண்ணெய் பூச ஃபாதர் வருவாரு இல்ல? வந்ததும் தொப்பியைக் கழட்டிக் கட்டில் மேலதான் வைப்பாரு. அதுக்கப்புறம் ஆளு அவ்ளோதான். தொப்பி முன்னாடி வந்தா சாவு பின்னாடி வரும். எங்க வீட்ல சின்னப் புள்ளையைக் கேளுங்க, அதுவே சொல்லும்."

"நம்ம கெஸ்ட்ல முக்கால்வாசிப் பேர் அமெரிக்கா, ஜெர்மனி. அவங்களுக்கு இது வெறும் தொப்பி," என்று சொல்லிவிட்டு ஃபெம்கே திரும்பினாள். "நுன்சியா, நீங்க என்ன சொல்றீங்க?"

அறைகளுக்கெல்லாம் நுன்சியாதான் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் இங்கே படுக்கை விரிக்க வந்தவள், இப்போது பேரன் எடுத்துவிட்டாள். சகுனம் பார்ப்பாயா என்று கேட்டால் இல்லை என்பாள். ஆனாலும் அவள் சீருடைப் பையில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு பழைய இரும்புச் சாவி எப்போதும் கிடக்கும். காதில் அபசகுனமான பேச்சு விழுந்தால் கை தானாகப் போய் அதைத் தொடும். இப்போதும் தொட்டுக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"வெச்சிடலாம் மேடம். வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

பெண்கள் அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். வேலை என்னவோ நடந்தது. ரோசெல்லா தொப்பியைக் கையால் தொடாமல், ஐஸ் எடுக்கிற இடுக்கியால் தூக்கி வைத்தாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள், அவள் வைத்த தொப்பிகளில் பாதி தலைகீழாகக் கிடந்தன. நுன்சியா பின்னாலேயே போய்த் திருப்பி வைத்தாள். அமெரிக்கர்கள் மகிழ்ந்துபோனார்கள். ஒருவரும் சாகவில்லை.

எல்லாம் வக்கீல் கொர்ராடோவின் போன் வரும்வரை சரியாகத்தான் போயிற்று.

வக்கீலும் அவர் மனைவி மிரெல்லாவும் பெனெவென்தோவிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் வருகிறவர்கள். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். எப்போதும் அதே பதினோராம் அறைதான், அதே பால்கனிதான். கடவுள், அரசாங்கம், சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லாத மனுஷர் அவர். வந்து இறங்கியதும் அறை வாசலில் நின்றபடியே தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கட்டிலை நோக்கி வீசுவார். குறி தப்பவே தப்பாது. மிரெல்லா, "எடு அதை! எடுய்யா! கட்டில்ல தொப்பி வைக்காதே!" என்று வீடே இடிந்தது மாதிரி கத்துவாள். பெட்டிகளோடு வந்த நுன்சியா சிலுவை போட்டுக்கொள்வாள். வக்கீல் இருமல் வரும்வரை சிரிப்பார். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய விடுமுறை ஆரம்பிக்கும். இது நடக்காத வருஷமே கிடையாது.

இந்த வருஷம், அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அவரே நுன்சியாவைக் கூப்பிட்டார்.

"நுன்சியா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல வக்கீலய்யா. சொல்லுங்க."

"மிரெல்லாவோட ரிப்போர்ட் வந்திருச்சு. கணையத்துல புத்து. பரவிடுச்சாம். ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லேங்கறாங்க."

நுன்சியா சாவியைத் தேடினாள். தொட்டாள். பிடித்த பிடியை விடவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. லேப்ல இழுத்தடிக்கிறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த ஒரு வாரம் அவ கடல்ல நிம்மதியாக் குளிக்கட்டும். ஊருக்குத் திரும்பினதும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் அவளுக்கு எதுவும் தட்டுப்படக் கூடாது. என் மூஞ்சியை நான் பாத்துக்கறேன். மத்ததை நீ பாத்துக்குவியா?"

"நான் பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க."

சொன்னவள் அடுத்த நிமிஷமே பதினோராம் அறைக்குப் போனாள். கட்டில் நடுவில் தொப்பி சிங்காரமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்த் துணி அலமாரியின் அடித்தட்டில், மடித்த போர்வைகளுக்கு அடியில் திணித்துப் பூட்டினாள். பெரிய கண்டத்திலிருந்து அந்த அம்மாளைத் தப்பிக்க வைத்துவிட்டதுபோல அவளுக்கு ஒரு நிம்மதி. பாவம், நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகள்தான் கண்ணில் படுவதே இல்லை.

மறுநாள் மதியம் கார் வந்து நின்றது. மிரெல்லா முதலில் இறங்கினாள். போன வருஷத்து உடுப்பு தோளில் தொளதொளவென்று தொங்கியது. வாய் மட்டும் அப்படியேதான் இருந்தது.

"என்னடி நுன்சியா, இப்படிப் பெருத்துட்டே! சமையக்காரனை வளைச்சுப் போட்டுட்டியா?"

'நீங்கதான் இப்படி இளைச்சிட்டீங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நுன்சியா கடித்து விழுங்கினாள்.

"வருஷத்துக்கு ஒருதரம் உங்ககிட்ட திட்டு வாங்கணும்னே சாப்பிடறேம்மா."

அறைகளில் காற்றோட வேண்டும் என்று மாடி நடையில் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். மிரெல்லா ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். முதல் அறையைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடப் பாவிகளா, எல்லாக் கட்டில்லயும் தொப்பி! யோவ் வக்கீலே, உண்மையைச் சொல்லு. இந்த ஹோட்டலை நீயே வாங்கிட்டியா?"

பின்னால் வந்த கொர்ராடோ சிரிக்க முயன்றார். நுன்சியா அவரைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவுகளைச் சாத்தவா முடியும்?

பதினோராம் அறைக் கட்டிலில் ஒன்றுமில்லை. சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. மிரெல்லா அதைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல ஒதுங்கி நின்று வாசலை விட்டுக்கொடுத்தாள். கத்துவதற்குத் தயாராக ஒரு கையை நெஞ்சில்கூட வைத்துக்கொண்டாள்.

கொர்ராடோ உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் பதனமாக மாட்டினார்.

ஹோட்டல் தொப்பியை ஒளித்த நுன்சியாவுக்கு வக்கீலின் தொப்பி நினைவுக்கே வந்திருக்கவில்லை. இப்போது வந்து என்ன செய்ய?

"தோள்பட்டை வலியா?" என்றாள் மிரெல்லா.

"ஏன்?"

"தொப்பியைக் கொக்கில மாட்டிட்டியே."

"வயசாயிடுச்சு மிரெல்லா. இன்னும் என்ன விளையாட்டு."

"போன வருஷம் வயசாகலையாக்கும்." அவள் நுன்சியாவின் பக்கம் திரும்பினாள். "எல்லா ரூம்லயும் இருக்கே, நம்ம கட்டில்ல மட்டும் ஏன் காணோம்?"

"தீந்து போச்சும்மா."

"தீரலையே!" என்று வாசலிலிருந்து குரல் கேட்டது. ஃபெம்கே. பழைய விருந்தாளிகளை நேரில் வரவேற்க வேண்டும் என்று வந்திருக்கிறாள், காலையிலேயே அறையில் தொப்பி இல்லாததைக் கவனித்து ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டும் வந்திருக்கிறாள். "கீழ பெட்டி நிறைய இருக்கு. மன்னிக்கணும், எப்படியோ விட்டுப்போச்சு." சொல்லிக்கொண்டே நேராகக் கட்டிலுக்குப் போய்க் குனிந்தாள்.

"வேண்டாம்!"

நுன்சியாவும் வக்கீலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். முழங்கால் தேய்ந்து மாடி ஏறவே முனகுகிற மனுஷர், நடுவில் இருந்த பெட்டியைத் தாண்டிக்கொண்டு போய்த் தொப்பியைப் பறித்தார். அதன் ஒரு விளிம்பு அவர் கையில், மறு விளிம்பு நுன்சியாவின் கையில். வைக்கோல் நெரிகிற சத்தம் கேட்டது. தொப்பி விரிப்பைத் தொடவில்லை.

கீழே நீச்சல் குளத்தில் யாரோ குதித்தார்கள். மிரெல்லா பால்கனிப் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் ஏதாவது தப்பு…" என்றாள் ஃபெம்கே.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. தொப்பி அழகா இருக்கு. அதை இவங்க எங்கிட்ட குடுக்கட்டும், நீ போ."

ஃபெம்கே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மிரெல்லா தொப்பியை வாங்கி மடியில் வைத்து நெரிந்த விளிம்பை விரலால் நீவினாள்.

"ரிப்போர்ட் வந்திருச்சு. இல்லையா?"

கோர்ட்டில் எதிராளி வாயைத் திறக்குமுன் பதிலைத் தயாராக வைத்திருக்கிற வக்கீல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"மன்னிச்சிடுங்கம்மா," என்று நுன்சியா அழுதாள். "நான்தான் இங்கேருந்து எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"ஒளிச்சதாலதான்டி தெரிஞ்சுச்சு, கூறுகெட்டவளே. இருந்திருந்தா நான் பாட்டுக்குக் கத்தித் தீத்துட்டுக் கடலுக்குப் போயிருப்பேன். அவன் வீசியிருந்தாலும் அப்படித்தான். மாதாவையே கிண்டல் பண்றவன் தொப்பியைக் கொக்கில மாட்டினா எனக்குப் புரியாதா?" அவள் கணவனைப் பார்த்தாள். "எப்ப வரைக்கும்யா?"

"அக்டோபர்ல கஷ்கொட்டை உதிரும் வரைக்கும்னு சொல்றாங்க," என்றார் அவர், கைகளுக்குள்ளிருந்து. "அவங்க சொல்றதுதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"அன்னிலேருந்து இதை ஒத்தை ஆளாச் சுமந்துட்டுத் திரியறியா? ஊர் திரும்பற ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேற சுமக்கிறதா இருந்தியாக்கும்!" அவளுக்கு வந்தது கோபம், உண்மையான கோபம். அது அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அடங்கியபோது அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

பிறகு எழுந்தாள். கொக்கியிலிருந்து வக்கீலின் வெள்ளைத் தொப்பியை எடுத்தாள். அறை வாசலுக்குப் போய், கதவைத் திறந்து, அவர் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று, கட்டிலைப் பார்த்து வீசினாள். அவள் வீசுவது இதுதான் முதல் தடவை. தொப்பி கோணலாகப் பறந்து தலையணை ஓரமாக விழுந்தது. நல்லவேளை, கீழே விழவில்லை.

"ம். கத்து."

"மிரெல்லா, வேண்டாம்."

"இத்தனை வருஷம் நான் கத்தினேன். இப்ப உன் முறை. கத்துய்யா."

கொர்ராடோ எழுந்து நின்றார். தலையணையோரத்துத் தொப்பியைப் பார்த்தார்.

"எடு அதை!" என்று கத்தினார். "எடு மிரெல்லா! கட்டில்ல தொப்பி வைக்காதே!"

அது விளையாட்டுக் குரல் இல்லை. கீழே நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். நுன்சியா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். மிரெல்லா சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமல் வரும்வரை சிரித்தாள்.

"அவ்ளோதான். லீவு ஆரம்பிச்சாச்சு," என்றாள். நெரிந்த ஹோட்டல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு முன்னால் குனிந்தாள். "யோவ், என் நீச்சல் உடுப்பை எதுல வெச்சே?"