சூளைக்குள் ஏறாத சூடு

நான்காவது முறையாகப் பழுது பார்த்து முடித்த சூளை, எண்ணூறு டிகிரி என்று காட்டிக்கொண்டே பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்த செவ்வாய்க்கிழமை முற்பகலில், மூன்று தெரு தள்ளி அக்காவின் சமையலறை அலமாரியிலிருந்த ஆறு கண்ணாடித் தம்ளர்களும் உருகிப் படுத்து ஒரே தட்டாகிவிட்டன. பக்கத்திலிருந்த எவர்சில்வர் தம்ளர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் விரித்திருந்த செய்தித்தாள்கூடப் பழுப்பேறவில்லை.

சூளை தங்கையுடையது. துணி துவைக்கும் இயந்திரத்தில் பாதி உயரம்தான். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உள்ளே வைத்தால் உருகி ஒட்டி ஒரே பலகையாக வெளியே வரும். குழந்தைகள் நூலகம் ஒன்றின் ஜன்னல்களுக்குப் பதினான்கு பலகைகள் செய்து தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. முதல் பலகையிலேயே சூளை எண்ணூறில் நிற்காமல் ஏறிப் போனதில், அன்னப்பறவை வரவேண்டிய இடத்தில் ஒரு குட்டை வந்தது. அதனால் மீட்டர்காரரைக் கூப்பிட்டாள். சூடாக வேண்டியதோ குளிர வேண்டியதோ எது கெட்டாலும் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்; பேக்கரி அடுப்பும் அவரே, மருந்துக்கடைக் குளிர்பெட்டியும் அவரே. கழுத்தில் கயிறு கட்டி மீட்டரைத் தொங்கவிட்டிருப்பார், கல்யாண வீட்டிலும். முதலில் சூட்டை அளக்கும் கம்பியை மாற்றினார். பிறகு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் ரிலேயை. பிறகு எண் காட்டும் கன்ட்ரோல் பெட்டியை. கடைசியில் சூடேற்றும் கம்பிச்சுருளையே மாற்றினார். எண் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக நின்றது, சூளை மட்டும் சூடாகவில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தவர், இனி மாற்ற வேண்டுமென்றால் தன்னைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

மறுநாள் அக்காவும் அவரைத்தான் கூப்பிட்டாள், வயரிங்கில் கோளாறு என்று. அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்; விடை விபரீதமாக வந்தால் வழிமுறையைத் திரும்பப் பார்ப்பாளே தவிர ஒப்பாரி வைக்க மாட்டாள். தம்ளர்கள் படுத்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். மீட்டர்காரர் அதைத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்து, தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வியாழக்கிழமை பத்து மணிக்குச் சூளையைப் போடச் சொல்லிவிட்டு, அக்காவின் அலமாரிக்கு முன் ஒரு காலி சோடா பாட்டிலை வைத்துக் காத்திருந்தார். பன்னிரண்டு இருபதுக்குப் பாட்டிலின் கழுத்து, பஸ்ஸில் தூங்குகிறவர் தலை போலச் சாய்ந்தது. அலமாரிக்குள் கையை விட்டார். அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது. கண்ணாடியை மட்டும் அந்தச் சூடு தொட்டது.

அவர் அதற்கு மேல் செய்ததெல்லாம் வீம்பு. வயர்களை இடம் மாற்றினார், எர்த் குழியைப் புதிதாகத் தோண்டினார், சூளையை வடக்குப் பார்த்துத் திருப்பினார். ஒருநாள் வேன் வைத்துச் சூளையையே அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போனார், அங்கேயே இருந்து தொலையட்டும் என்று. அன்றைக்குச் சூடு திரும்பிப் போய்த் தங்கை வீட்டு அலமாரியில் இருந்த மருந்து சீசாக்களையெல்லாம் படுக்க வைத்தது. வேன்காரர் சிரித்தார். மீட்டர்காரர் இரண்டு நாள் யாருடைய போனையும் எடுக்கவில்லை.

சூளையைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிய அன்று தங்கை பொரிந்து தள்ளினாள். ஏழு வருஷமாக முகத்திலேயே விழிக்காதவள் வீட்டுக்குத் தன் சூடு ஏன் போக வேண்டும் என்று கேட்டாள்.

மீட்டர்காரர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏன் போகுதுன்னு நான் எப்படிம்மா சொல்றது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாத்தியாச்சு. கண்ணாடியைக் கொண்டுபோய் அங்க வைங்க. இல்லன்னா நூலகத்துக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடுங்க."

ஏழு வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கிளம்பி வரட்டுமா என்று கேட்ட தங்கையிடம், நாளைக்கு வந்தால் போதும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அம்மா அன்று மாலையே போய்விட்டாள். சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், தங்கை கண்ணாடித் துண்டுகளைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அலமாரி ஏற்கெனவே காலி செய்து துடைக்கப்பட்டிருந்தது. இருவரும் முகம் பார்க்காமல் வேலை பார்த்தார்கள். தங்கை துண்டுகளை அடுக்கிவிட்டு, உருகும்போது ஓரம் எப்படி மழுங்கும், ஆற எவ்வளவு நேரம் பிடிக்கும், அவசரப்பட்டுத் திறந்தால் எப்படி விரிசல் விடும் என்பதை அலமாரியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு வீட்டுக்குத் திரும்பிச் சூளையைப் போட்டாள். அக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்துப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள், பரீட்சை அறையில் மணி சொல்வது போல. ஒன்றரைக்கு ஒட்டிவிட்டது. தங்கை கன்ட்ரோல் பெட்டியில் எண்ணைக் குறைத்தாள். மூன்று மணிக்கு, எப்போது வந்து எடுக்கலாம் என்று கேட்டாள்.

"ஆறணும்னு நீதான சொன்ன," என்றாள் அக்கா. "நாளைக்கு வந்தா போதும்."

இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. யாரும் போனை வைக்கவில்லை. பிறகு அக்காவுக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, செருப்புச் சத்தம், ஒரு ஆட்டோ ஹாரன், மூச்சிரைப்பு. மூன்று தெருவும் போனுக்குள் நடந்து வந்து வாசல் மணியை அடித்தன. தங்கை உள்ளே வந்து அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தங்கை ஏறி உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் கீழே உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொன்னதைத்தான் நான் உனக்குச் சொன்னேன்," என்றாள். "அம்மா எனக்கும் சொல்லிட்டுப் போகலடி. நான் கேன்டீன்ல டீக்கு நின்னுட்டிருந்தேன்."

இது தங்கைக்குத் தெரியாது. ஏழு வருஷமாக அவள் மனசில் அக்கா கட்டில் பக்கத்திலேயே இருந்தாள்.

"கூட இல்லையா நீ?"

"இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் அழுதார்கள், பிறகு யார் முதலில் போன் செய்திருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பள்ளிக்கூட நாளில் தொலைந்த ஒரு சீப்பு வரைக்கும் சண்டை போட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அலமாரியைத் திறந்தபோது, அன்னப்பறவை ஒரு குமிழிகூட இல்லாமல் இருந்தது. பதினான்கு பலகைகளும் நேரத்துக்கு முடிந்தன. இரண்டு மட்டும் விரிசல் விட்டு மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அக்கா ஆசையில் முன்னாலேயே திறந்திருந்தாள், கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

இருவரும் ராசியாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மீட்டர்காரர், சரி, இனிச் சூடு தானாக வீடு திரும்பும் என்று மீட்டரோடு வந்து நின்றார். திரும்பவில்லை. அவர் சூளையை ஒரு எத்து எத்திவிட்டு, கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சமாதானத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அன்றைக்கு உறுதியாயிற்று.

நாலு வருஷம் கழித்து அக்கா மகனோடு இருக்கத் தொலைதூர நகரத்துக்குப் போனாள். சூடும் கூடவே போய் அங்கே செருப்பு அலமாரியில் தங்கியது. மருமகள் முணுமுணுத்துவிட்டுச் செருப்புகளை வாசலுக்கு மாற்றினாள். தங்கை மாதம் இரண்டு தடவை கண்ணாடிகளோடு ரயிலேறுகிறாள். அந்த நாட்களில் இங்கே சூளையைப் போட்டு எண்ணை இறக்குவது மீட்டர்காரர். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

போன மாதம் ஒரு பெண் தன் வீட்டு வாசல் கதவுக்குக் கண்ணாடி கேட்டு வந்தாள். சூளைக்குள் எட்டிப் பார்த்து, இது சூடே ஏறாத மாதிரி இருக்கிறதே என்றாள்.

"சூளைதான் இங்க இருக்கு," என்றாள் தங்கை. "சூடு அக்கா வீட்ல இருக்கு."

எவ்வளவு தூரம் என்று அந்தப் பெண் விசாரித்தாள். ரயிலில் ஒன்பது மணி நேரம் என்று தெரிந்ததும் தலையாட்டிவிட்டு, நீலத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகப் போட முடியுமா என்று கேட்டாள்.